கோமாளியின் வெள்ளை

கோமாளி முகத்தில் சாயம் பூசவில்லை. அதனால் ஒருவரும் பூசவில்லை.

பினாங்கில், கப்பலேறி வந்த சீனர்களின் நாடகக் கொட்டகை அது. யுத்தத்தில் குண்டு விழுந்தது. தெருவே சேர்ந்து தகரக்கூரை போட்டது. அங்கே ஒரு விதி. கோமாளி முதலில் மூக்கில் வெள்ளை வைக்க வேண்டும். பிறகுதான் ராஜா, ராணி எல்லாம்.

கோமாளி சியூ ஹின் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நேற்று தளபதி சாகும் காட்சியில் தும்மிவிட்டான். சபை சிரித்தது. தளபதி வேடக்காரன் கோக் மன் திரைக்குப் பின்னால் வந்து அவனை அறைந்தான்.

வெளியே கூட்டம் பெஞ்சைத் தட்டியது. இன்று ஆட்டம் நின்றால் நாளை முதல் இங்கே சினிமா. இடத்துக்காரர் சொல்லிவிட்டார்.

கோக் மன் நாடகக் குருவிடம் போனான்.

“சிஃபு, விதியாவது ஒன்றாவது! நான் முதலில் பூசுகிறேன்.”

குரு தூரிகையை நீட்டினார். “பூசு.”

வாங்கினான். கண்ணாடியில் பார்த்தான். பின்னால் அத்தனை பேரும் வெறும் முகத்தோடு அவனையே பார்த்தார்கள். கை இறங்கியது.

“கோமாளிக்கு அப்படி என்ன மரியாதை?”

“முன்பு இது அரிசிக் கிட்டங்கி. அனுமதி இல்லாமல் ஆடினார்கள். வெள்ளைக்கார துரை போலீசோடு வந்தார். எல்லாரும் பின்கதவால் ஓட்டம். கோமாளி மட்டும் மேடையில் நின்றான். துரை மாதிரியே நடந்து காட்டினான். துரை சிரித்துவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்தார். மறுவாரம் அனுமதி வந்தது.”

“தளபதி?”

“எல்லாருக்கும் முன்னால் ஓடினார்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோக் மன் சிரிக்கவில்லை. கோமாளி இருந்த மூலைக்குப் போய் மண்டியிட்டான்.

“அண்ணே, அடித்தது தப்பு.”

“எழுந்திரு தளபதி, கால்சட்டை கிழியும். தும்மினதுக்கே அறை. இருமியிருந்தால் தலையை எடுத்திருப்பாயா?”

“எடுத்திருப்பேன்.”

கோமாளி அவனை ஒரு பார்வை பார்த்தான். தூரிகையைப் பிடுங்கினான். மூக்கில் வெள்ளை வைத்தான். வீங்கிய கன்னத்தில் தூரிகை பட்டதும் முகம் சுளித்தான். நிறுத்தவில்லை. பூசி முடித்தான்.

மற்ற தூரிகைகள் எழுந்தன. முரசு முழங்கியது.

ஆட்டம் முடிந்ததும் இடத்துக்காரர் திரைக்குப் பின்னால் வந்தார். “நாளைக்கு என்ன நாடகம்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

கோக் மன் குருவை வணங்கினான். “கொட்டகையைக் காப்பாற்றிவிட்டீர்கள், சிஃபு.”

“நானா? உட்கார்ந்துதானே இருந்தேன்.”

“அப்படியானால், நான் மன்னிப்புக் கேட்டதுதான்...”

“நீ கேட்டாய். கேட்டதும் கொடுத்தே ஆக வேண்டும் என்று அவனுக்கு எந்த விதியும் இல்லை. வலிக்கிற கன்னத்தில் பூசிக்கொண்டு போய் இவ்வளவு பேரைச் சிரிக்க வைத்தவன் சியூ ஹின்.”