புகை எழுந்த வீடு

முன்னொரு காலத்தில், மூன்று வருஷம் மழை முகம் காட்டாத ஒரு நாட்டில், ஆற்றங்கரை ஊர் ஒன்று இருந்தது. இளையவர்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டார்கள். முதியவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். ராஜா கொஞ்சம் கம்பு அனுப்பினார். அதோடு தன் கடமை முடிந்தது என்று படுத்துக்கொண்டார்.

அந்தக் கம்பைக் கஞ்சியாகக் காய்ச்சி வீடு வீடாகச் சுமந்தவர்களும் கிழங்கள்தான். ஓடக்காரர் மாசானம், நெசவாளி சடையாண்டி, பூக்காரி உலகம்மை. மூவருக்கும் முழங்கால் சொன்னபடி கேட்காது.

கஞ்சி எல்லாருக்கும் போதவில்லை. ஆகவே மாசானம் ஒரு வழி கண்டார். காலையில் கரைமேல் ஏறிப் பார்ப்பார். எந்தக் கூரையில் புகை இல்லையோ, அந்த வீட்டுக்குக் கஞ்சி. ஊரே மெச்சியது. அவருக்கும் கொஞ்சம் பெருமைதான்.

வெயிலுகந்தாள் வீட்டில் நாள் தவறாமல் புகை எழுந்தது. ஊர்க் கல்யாணங்களில் நாற்பது வருஷம் பந்தி பரிமாறியவள் அவள். ஆனாலும் மாசானத்துக்கு மனசு கேட்கவில்லை. வேலிக்கு வெளியே நின்று மூன்று நாள் கேட்டார்.

“அக்கா, ஒரு வாய் கஞ்சி ஊத்தட்டுமா?”

மூன்று நாளும் ஒரே பதில். “என் அடுப்பு எரியுறது கண்ணுக்குத் தெரியலையா தம்பி? இல்லாதவுகளுக்குக் கொண்டு போ.”

நான்காம் நாள் புகை இல்லை. இன்றைக்காவது அக்கா வாங்கிக்கொள்வாள் என்று மாசானம் சூடான கஞ்சியோடு ஓடினார்.

அடுப்பில் பாதி எரிந்த முறம் கிடந்தது. சோற்றுப் பானைக்குள் சிலந்தி வலை பின்னியிருந்தது. ஊர் பார்க்கட்டும் என்று வெறும் அடுப்பைத்தான் அவள் தினமும் எரித்திருக்கிறாள். அடுப்போரம் சுருண்டு கிடந்தவளை மாசானம் மடியில் சாய்த்துக் கஞ்சியை வாயில் விட்டார். அது இறங்கவில்லை.

“எல்லாருக்கும் ஆச்சா, தம்பி?” என்றாள். பந்தி முடிவில் அவள் எப்போதும் கேட்கிற கேள்வி அது.

“ஆச்சு, அக்கா” என்று பொய் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் அவள் கண்ணை மூடினாள்.

மாசானம் வாய்விட்டு அழுதார். அப்புறம் அவர் கரைமேல் ஏறவே இல்லை. மூவரும் தங்கள் பங்கையும் பானையில் ஊற்றி, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்தார்கள். “தனியாக் குடிச்சா இறங்க மாட்டேங்குது, துணைக்கு ஒரு வாய் குடிங்க” என்றார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. புகை எழுந்த வீடுகளில் இன்னும் நான்கு வெறும் அடுப்புகள் இருந்தன.

கேட்டவர்களே, மானமுள்ளவர் தம் பசியைச் சொல்லமாட்டார். நாம்தான் உள்ளே போய், கூட உட்கார்ந்து, பகிர்ந்து உண்ண வேண்டும்.