முப்பது சதவீதம், பெயில்

மொட்டையனூர் ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள் மூன்று பேர்: அர்த்தநாரி, சடையன், நல்லதம்பி. மூவருக்கும் சேர்த்து ஆறு கை, ஆறு கால் இருந்தன. மூளையை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. மூட்டை தூக்க அது தேவைப்படவும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை அடுக்கிலிருந்து ஒரு மூட்டை சரிந்து அர்த்தநாரியின் இடது பாதத்தில் விழுந்தது. எலும்பு நொறுங்கிவிட்டது. இனி மூட்டை தூக்குவதை மறந்துவிடு என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நஷ்டஈடு கிடைத்தால் ஆலை வாசலில் உட்கார்ந்தபடியே ஒரு பெட்டிக்கடை நடத்தலாம். கிடைக்காவிட்டால் வெறுமனே உட்கார்ந்திருக்கலாம்.

அவன் மனைவி பாவாயி ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியாததால், மற்ற இருவரையும் தொழிலாளர் அலுவலகத்துக்கு அனுப்பினாள். பாவம், வேறு ஆள் இல்லை.

அங்கே மரகதம் என்ற அலுவலர் பொறுமையாகச் சொன்னார். "முதல்ல நடந்ததை ஆலைக்கு எழுத்துல தெரிவிங்க. அடுத்து, கண்ணால பார்த்த சாட்சி வேணும். காயம் ஆறினதும், ஊனம் எத்தனை சதவீதம்னு டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. அவ்வளவுதான்."

அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நல்லதம்பி ஐந்தாம் வகுப்பு வரை போனவன். ஆகவே கடிதம் அவன் பொறுப்பு. "கடுதாசின்னா ஒரு முறை இருக்குதில்ல" என்று நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினான்: 'நலம். நலமறிய ஆவல். இங்கு நாங்கள் அனைவரும் நலம். நேற்று அர்த்தநாரி காலில் மூட்டை விழுந்து எலும்பு நொறுங்கிவிட்டது.'

மேனேஜர் மூன்றாவது வரியோடு படிப்பதை நிறுத்திக்கொண்டு, கடிதத்தைப் பைலில் பத்திரப்படுத்தினார். அவர் முட்டாள் இல்லை. அதனால்தான் அவருக்கு நாற்காலி.

மூட்டை விழுந்தபோது பக்கத்தில் நின்ற சடையனைச் சாட்சி சொல்லக் கேட்டார்கள். அவன் அரிச்சந்திரனுக்கு அண்ணன்.

"மூட்டை சரியறதைப் பார்த்தேன். விழறப்ப பயத்துல கண்ணை மூடிட்டேன். பாக்காததைப் பார்த்தேன்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப இன்னொருக்கா விழ வெச்சுப் பாத்துக்க" என்றான் நல்லதம்பி.

"கீழ யாரு கால் வெக்கறது?"

"நான் மேல நின்னு தள்ளணும். அர்த்தநாரி ஆஸ்பத்திரியில கெடக்கறான். மிச்சம் யாரு?"

நியாயமான கேள்விதான். சடையன் காலை நீட்டினான். நல்லதம்பி தள்ளினான். மூட்டை குறி தவறாமல் விழுந்தது. சடையன் அலறிய அலறலில் ஆலையே நின்றது.

"பார்த்தியா?" என்று மேலிருந்து கேட்டான் நல்லதம்பி.

"இல்லடா! இப்பவும் கண்ணை மூடிட்டேன்!"

கடைசியில், முதல் மூட்டை விழுந்தபோது கண் திறந்தே இருந்த எடைக்காரர் ஒருவர் தானாக வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இவர்களிடம் யாரும் அவரைப் பற்றிக் கேட்கவில்லை, அதனால் இவர்களும் சொல்லவில்லை.

மாதங்கள் போயின. இரண்டு கால்களும் ஆறின, கோணலாக. பெரிய டாக்டர் இருவரையும் ஒரே நாளில் பரிசோதித்துச் சர்டிபிகேட் கொடுத்தார். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நல்லதம்பி உரக்கப் படித்தான்.

"சடையன், முப்பத்தாறு."

"அர்த்தநாரி, முப்பது."

முப்பத்தைந்து எடுத்தால்தான் பாஸ் என்பது பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தவனுக்குக்கூடத் தெரியும்.

"பெயிலா?" என்றான் அர்த்தநாரி. "இருபத்திரண்டு வருஷம் மூட்டை தூக்கினவன்டா நான். பின்னாடி அடிபட்ட இவன் பாஸு!"

"வெறும் அஞ்சு மார்க்" என்று தேற்றினான் சடையன், பாஸானவனுக்குரிய பெருந்தன்மையோடு. "மறுபடி எழுதினாப் போச்சு. நான் சொல்லித் தரேன்."

அன்று சாயங்காலமே கிழங்கு காயும் களத்தில் டியூஷன் ஆரம்பமாயிற்று. சடையன் முன்னால் நொண்ட, அர்த்தநாரி பின்னால் நொண்ட, கையில் குச்சியோடு நல்லதம்பி மேற்பார்வை. "இன்னும் சாய்ச்சு! அஞ்சு மார்க் சும்மா வருமா?" அர்த்தநாரிக்கு வலியில் கண்ணீர் வந்தது. அதை அவர்கள் படிப்பில் அக்கறை என்று எடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் விசாரணை. அன்று காலையிலும் புருஷன் களத்தில் நொண்டிக்கொண்டிருப்பதைக் கண்ட பாவாயி காரணம் கேட்டாள். கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, பெயிலான பேப்பரை யாரும் பார்த்துவிடாமல் கூரையில் சொருகியிருந்தவனை ஏறி எடுக்கவைத்து, மூவரையும் பஸ்ஸில் ஏற்றினாள்.

மேனேஜர் புன்னகையோடு கடிதத்தை நீட்டினார். "அனைவரும் நலம்னு அவங்களே எழுதியிருக்காங்க மேடம்."

மரகதம் நாலாவது வரியைச் சத்தமாக வாசித்தார். மேனேஜரின் புன்னகை நலமாக இல்லை.

"முப்பது சதவீதத்துக்கு உண்டான நஷ்டஈடு உங்களுக்கு வருமுங்க" என்றார் மரகதம். பாவாயி அழுதேவிட்டாள். அர்த்தநாரி தலையைக் குனிந்துகொண்டான். "கருணை மார்க்கா மேடம்?" என்று மெல்லக் கேட்டான்.

பணம் வந்தது, பெட்டிக்கடை வந்தது. பலகையில் 'உரிமையாளர் அர்த்தநாரி, முப்பது, பெயில்' என்று எழுதவைத்திருந்தான். உள்ளதை மறைக்கக் கூடாதல்லவா? ரிப்பன் வெட்டச் சடையனை அழைத்தார்கள். ஊரில் பாஸானவன் அவன் ஒருவன்தானே.

"அண்ணா, உங்க சர்டிபிகேட்டையும் குடுத்துக் கேட்டுப் பாக்கலாமில்ல?" என்றாள் பாவாயி.

"ஒரிஜினலைக் கேக்கறாங்கம்மா. அதைக் குடுத்துட்டா கண்ணாடிச் சட்டத்துல எதை மாட்டறது?"

எல்லோருக்கும் சர்பத் கொடுத்தார்கள். நல்லதம்பியை மட்டும் காணவில்லை. தேடிப் போனால், ஆலைக்குள் மூட்டை அடுக்கின் கீழே வலது காலை நீட்டியபடி, மேலே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இங்க என்னடா பண்ற?"

"நான் மட்டும் இன்னும் பரீட்சையே எழுதலையேடா. யாராச்சும் ஒருத்தர் மேல ஏறுங்களேன்."