அன்ரிலையபிள் பட்டமும் ஒரு கூடை வெற்றிலையும்

முன்னொரு காலத்தில் கொன்றைமங்கலம் என்றொரு சீமையைப் பூபதி ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்பது பேச்சுக்குத்தான். அதிகாரமெல்லாம் வெள்ளைக்காரத் துரையிடம் போய்விட்டது. ராஜாவிடம் மிஞ்சியது ஒரு குடை, ஒரு சிம்மாசனம், போகாத பொழுது.

அந்தப் பொழுதைப் போக்க வந்து சேர்ந்தார் துபாஷி அனந்தப்பர். துரை சொல்வதை ராஜாவுக்கும், ராஜா சொல்வதைத் துரைக்கும் மொழிமாற்றிச் சொல்வது அவர் வேலை. துரை தன் ஆட்களைத் திட்டும் வார்த்தைகளைப் பொறுக்கி வந்து ராஜாவுக்குக் கற்றுக்கொடுத்தார்.

"உடம்பு வளையாதவன் லேசி, மகாராஜா. ஊர்சுற்றி லோஃபர். உதவாக்கரை யூஸ்லெஸ்."

"அடேயப்பா! சோம்பேறியைத் திட்ட இத்தனை சொல்லா? வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்!" என்றார் ராஜா.

அரண்மனைச் சபைக்குள் யார் நுழைந்தாலும், ராஜா கொடுத்த பட்டத்தைச் சேர்த்துப் பேரைக் கட்டியக்காரர் உரக்கக் கூவுவார். பட்டம் கிடைத்தால் தலைக்குப் பரிவட்டமும் பிழைக்க மானிய நிலமும் உண்டு. ராஜா இப்போது புதுச் சொற்களையே பட்டமாகக் கூவச் சொன்னார். "லேசி சமையற்காரர் சாம்பமூர்த்தி வருகிறார்!" சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மந்திரி தில்லைநாதரும் சிரித்தார்.

ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பவர் வீரபத்திரன். சிறுவயது முதல் ராஜாவின் நிழல். தன்னைவிட ராஜாவின் காதுக்குப் பக்கத்தில் ஒருவன் இருப்பது துபாஷிக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் ராஜாவுக்கு அக்கரைக் கொடிக்கால் வெற்றிலைமேல் ஆசை வந்தது. வீரபத்திரன் போனார். ஆறு பெருகிவிட்டது. மறுநாள் கூடையைத் தலையில் ஏற்றி, மார்பளவு தண்ணீரில் இறங்கி நடந்து, ஈர வேட்டியோடு சபை வாசலுக்கு வந்தார்.

அதற்குள் துபாஷி வேலையைக் காட்டிவிட்டார். "நம்பி ஒரு காரியத்தை ஒப்படைக்க முடியாத ஆளுக்குத் துரை ஒரு சொல் வைத்திருக்கிறார், மகாராஜா. அன்ரிலையபிள்!"

ராஜா கையசைத்தார். கட்டியக்காரர் கூவினார்: "அன்ரிலையபிள் வீரபத்திரன் வருகிறார்!"

"அப்படின்னா என்னங்கய்யா?" என்று வீரபத்திரன் கேட்டார்.

துபாஷி ஊருக்கே கேட்கிற மாதிரி பொருள் சொன்னார். சபை மறுபடியும் சிரித்தது. வீரபத்திரன் கூடையை இறக்கிவைத்தார். ஆற்றைக் கடந்து வந்தும் உள்ளே ஒரு இலைகூட நனையவில்லை. பாவிகள், ஒருவராவது எட்டிப் பார்த்திருக்கலாம்.

வீரபத்திரனின் மகளுக்குப் பரிசம் போட இருந்த வீட்டார் அன்றைக்கே சொல்லியனுப்பினார்கள்: "ராஜாவே நம்பாத மனுஷன் வீட்டுல நாங்க எப்படிப் பொண்ணு எடுக்கிறது?"

மறுநாள் ராஜா வழக்கம்போல் வெற்றிலைக்குக் கை நீட்டினார். கொடுக்க ஆளில்லை. பரிசம் நின்றுபோன விஷயம் தெரிந்ததும் மந்திரி எழுந்து நின்றார்.

"மகாராஜா, கட்டியத்தில் ஏறிய பட்டத்துக்கு மானியம் கொடுப்பது உங்கள் பாட்டனார் காலத்து வழக்கம். அன்ரிலையபிள்தான் இருப்பதிலேயே பெரிய பட்டம். அதற்கு ஆற்றங்கரை நஞ்சை முழுவதையும் தரவேண்டும்."

ராஜா வாய் திறக்குமுன் துபாஷி துள்ளி எழுந்தார். "நஞ்சையா! அவனுக்கா? ஆறு பெருகியதால் ஒருநாள் தாமதம். அதெல்லாம் ஒரு தகுதியா? அந்தப் பட்டம் எனக்கல்லவா சேரவேண்டும்!"

"அத்தாட்சி?" என்றார் மந்திரி.

"துரை சொல்வதில் பாதியைத்தான் இங்கே சொல்கிறேன். இங்கே சொல்வதில் பாதியைத்தான் துரையிடம் சொல்கிறேன். என்னை நம்பிக் கெட்டவர்கள்..." என்று தொடங்கியவர், சபை அசையாமல் இருப்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜா சொன்னார்: "இவருக்குப் பரிவட்டம் கட்டுங்கள். பட்டத்தைக் கூவிக்கொண்டே எல்லைவரை கொண்டுபோய் விடுங்கள். நிலம்தானே? எல்லைக்கு அப்பால் வேண்டிய மட்டும் கிடக்கிறது."

பிறகு தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். இருவருமாக வீரபத்திரன் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் வண்டி பூட்டியிருந்தது. மகள் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"வீரபத்திரா, அந்தப் பட்டத்தை எடுத்துவிட்டேன். நஞ்சை உனக்குத்தான். நாளைக்கே நீ நம்பிக்கைக்கு உரியவன் என்று கூவச் சொல்கிறேன்."

"வேண்டாம் மகாராஜா. அதைக் கேட்டா, சனங்களுக்கு முந்தி கூவினதுதான் ஞாபகம் வரும். அந்தச் சொல்லு எட்டாத ஊரா பார்த்து இவளைக் கட்டிக்கொடுக்கிறேன்."

கும்பிட்டுவிட்டு மாட்டைத் தட்டினார். வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது.

"மந்திரியாரே, இதற்கும் ஒரு யுக்தி சொல்லும்."

"இல்லை, மகாராஜா."

"மானிய வழக்கம் உமக்கு முன்பே தெரியுமே! முதல் பட்டம் கூவிய அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

மந்திரி முத்துமாலையைக் கழற்றி ராஜாவின் கையில் வைத்தார்.

"அன்றைக்கு நானும் சிரித்துக்கொண்டிருந்தேன், மகாராஜா."

அதற்குப் பிறகு கொன்றைமங்கலத்தில் கட்டியக்காரர் பேரை மட்டும்தான் கூவினார். ராஜா வெற்றிலை போடுவதை விட்டுவிட்டார்.