குப்பாயிக்கு வந்த மஞ்சள் கவர்

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கதையை எடுத்துக்கொள்ளலாம். நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

திருச்செங்கோட்டில் அர்த்தநாரி என்று ஒருவர். மலைமேல் இருக்கும் சாமியின் பெயர். உடம்பில் பாதியை மனைவிக்குக் கொடுத்த சாமி. இவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்தார். கொஞ்ச காலம் நன்றாக ஓடியது. பிறகு வண்டி நின்றது, வட்டி நிற்கவில்லை. பைனான்ஸ்காரர்கள் செருப்பைக் கழற்றாமல் கூடத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

வக்கீல் ஒரு வழி சொன்னார். "ஐ.பி. போட்டுருங்க. உங்க பேர்ல மட்டும். வீடு சம்சாரம் பேர்ல இருக்குது, அவங்கப்பா குடுத்தது. அவங்க எதுலயும் கையெழுத்துப் போடல. அவங்கள இழுக்காதீங்க."

ஐ.பி. என்றால், கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் கையை விரிப்பது. அப்போது கடன் கொடுத்தவர்களுக்குப் போகும் காகிதத்துக்கு மஞ்சள் நோட்டீஸ் என்று பெயர். யார் யாருக்குத் தர வேண்டும் என்று அர்த்தநாரி எழுதிக் கொடுத்தார். மனைவி பூங்கொடியிடம் மட்டும் மூச்சு விடவில்லை. வெட்கம், பாவம்.

எழுதிய பெயர்களில் ஒன்று அடுத்த தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் குப்பாயி. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம். "நான் இருக்கறேனுங்க்கா, தைரியமாக் குடுங்க" என்று பூங்கொடி கேட்டதால் அவள் கையில் கொடுத்தார். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. பூங்கொடி அதை அன்றே வண்டிச் செலவுக்குக் கணவரிடம் கொடுத்துவிட்டாள்.

குப்பாயிக்குப் படிக்கத் தெரியாது. மஞ்சள் கவரைக் கொடுத்த தபால்காரர், அர்த்தநாரி பேர் போட்டிருக்கிறது என்று சொன்னதும், குப்பாயி அதைக் கல்யாணப் பத்திரிகை என்றே நினைத்துவிட்டார். பிரிக்கக்கூட இல்லை. பூவும் பழமும் வாங்கிக்கொண்டு நேரே பூங்கொடியிடம் வந்தார்.

"ஏன் அம்மிணி, பையனுக்கு முடிச்சாச்சா? நேர்ல வந்து கூப்பிடாம தபால்லயா அனுப்புவே?"

பூங்கொடி பிரித்துப் படித்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. பூவைத் தலையில் வைக்காமல் கீழே வைத்துவிட்டு, படித்ததைச் சொன்னாள். குப்பாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் கணவரிடம், "வீட்ட வித்து அக்காவுக்குக் குடுத்தறலாங்க" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதுன்னுதான் நான் மட்டும் போனேன். ஒருத்தருக்குக் குடுத்தா மத்தவங்க சும்மா இருப்பாங்களா? பையனோட எங்க போய் நிக்கறது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை.

மறுநாள் வீட்டை விற்கும் தன் முடிவைப் பூங்கொடி சொன்னபோது குப்பாயி அழுதார். "வேண்டாம்னு சொல்லத்தான் மனசு வருது அம்மிணி. சொல்றதுக்கு எனக்கு வசதி இல்லியே."

வீடு விற்றது. குப்பாயிக்குக் கொடுத்தது போக மிச்சத்தை மகன் படிப்புக்கு வைத்துக்கொண்டு வாடகை வீட்டுக்குப் போனார்கள். பைனான்ஸ்காரர்கள் அங்கேயும் வந்து கத்தினார்கள். "அது அவரு கடனுங்க, கோர்ட்ல போய்க் கேளுங்க" என்று பூங்கொடி கதவைச் சாத்தினாள்.

மனைவியைக் காக்கத் தனியாகப் போன அர்த்தநாரி, கடனில் கையெழுத்தே போடாதிருந்தும் வீட்டை விற்ற பூங்கொடி, வீடு போவது தெரிந்தும் பணத்தை வாங்கிக்கொண்ட குப்பாயி. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: மூவரையும் குறை சொல்லலாம்; நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் குப்பாயி பணத்தை யார் கையில் கொடுத்தார், கவரை யாரிடம் கொண்டுவந்தார் என்று பாருங்கள். வாக்குக் கொடுத்தவள் பூங்கொடி. தன் கடன்களுக்கு அர்த்தநாரி தனியாகப் போனதில் தப்பில்லை. மனைவியின் வாக்கையும் அதில் சேர்த்து, அவளுக்கும் சேர்த்துக் கையை விரித்ததுதான் தப்பு. குப்பாயி தன்னுடையதை வாங்கிக்கொண்டார். ஆக, பூங்கொடி செய்தது சரி. மகளின் தை மாதக் கல்யாணத்துக்கு அழைக்கக் குப்பாயி நேரில் வந்து, இருவரையும் சேர்ந்து நிற்கச் சொல்லி, ஓரத்தில் மஞ்சள் தடவிய கவரை நீட்டினார். வாங்கக் கை நீட்டியது பூங்கொடி மட்டும்தான்.