பிறக்கும் முன்பே அழுத பிள்ளைகள்

தீர்ப்புச் சொல்லத் துடிப்பவர்கள் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். இந்த வழக்கு ஒரு ஜெராக்ஸ் தாளில் தொடங்குகிறது.

முத்துப்பேச்சி ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ். நோயுற்ற பச்சிளங்குழந்தைகளைப் பராமரிக்கக் கற்றுத்தருகிறோம் என்று மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்தார்கள். பத்து நாள் பயிற்சி, இருபத்தைந்து பேர், ஒரே ஒரு பொம்மை. அதன் முகத்தில் முகமூடியை வைத்து மூச்சுப்பையை ஆளுக்கு நான்கு முறை அழுத்தினார்கள். அதற்குள் போட்டோ எடுத்தாகிவிட்டது. மற்ற நாளெல்லாம் தாள் நிரப்பும் பயிற்சிதான். மாதிரிக்கென்று கொடுத்த கேஸ் ஷீட், யாரோ முன்பே நிரப்பிய தாளிலிருந்து எடுத்த பிரதி. பெயர், எடை எல்லாவற்றையும் வெள்ளை மையால் அழித்தவர்கள் ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள். ‘பிறந்தவுடன் அழுததா?’ என்ற கேள்விக்கு எதிரே, ‘ஆம்’ கட்டத்தில் டிக் அப்படியே இருந்தது. அந்தப் பிரதியைத்தான் கட்டுக்கட்டாக எல்லாச் சுகாதார நிலையங்களுக்கும் கொடுத்தனுப்பினார்கள். மாவட்டத்தில் இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகள் அத்தனையும் முன்கூட்டியே அழுது முடித்துவிட்டன.

முத்துப்பேச்சி எழுந்து இதைச் சொன்னாள். பயிற்சி தந்த டாக்டர் மங்கையர்க்கரசி சிரித்தார்.

“இருந்துட்டுப் போகுது விடும்மா. அழலைன்னு எழுதி யாரு மெமோ வாங்கப் போறா?”

வகுப்பும் சேர்ந்து சிரித்தது. ஊசிப்போன சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து மூக்கருகே நீட்டியதுபோல் இருந்தது முத்துப்பேச்சிக்கு. ஆனாலும் உட்கார்ந்துவிட்டாள். சாப்பாட்டு இடைவேளைகளில் மட்டும், யாரும் தொடாத அந்தப் பொம்மையை எடுத்துத் தனியாக அழுத்திப் பழகினாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், அவள் வேலை பார்க்கும் இடத்தில் சுடலைவடிவு என்பவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நீலம் பாரித்து, ஈரத்துணியாகத் துவண்டு கிடந்தது. சத்தமே இல்லை. மூத்த நர்ஸ் லூர்துமேரி துடைத்தார், முதுகைத் தேய்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. முத்துப்பேச்சி முகமூடியை வைத்துப் பையை அழுத்தினாள். ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. அதன் பிறகுதான் நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. முனகல்போல ஓர் அழுகை வந்தது.

“பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்க்கா. ஷீட்ல அழலைன்னு மாத்துங்க.”

“ஏட்டி, போன வருஷம் ஒருத்தி அப்படித்தான் எழுதினா. விசாரணைன்னு அவ பிரசவ அறையை ஒரு மாசம் பூட்டிப் போட்டானுவ. ஒரு பொம்பளை ஷேர் ஆட்டோவுல பெத்தா, தெரியுமா? இந்த டிக்கை நான் போடலை, அதுவா வந்திருக்கு.” லூர்துமேரி பேனாவைத் தாளுக்கு மேலேயே நிறுத்திக்கொண்டார். “தாள்ல கைவைக்க மாட்டேன்னு சொல்லு, கையெழுத்துப் போடுதேன்.”

கையெழுத்து இல்லாத தாளோடு போனால் அங்கே சேர்க்கமாட்டார்கள். ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. “சரிக்கா, தொடமாட்டேன்” என்றாள் முத்துப்பேச்சி.

பெரியாஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தை வார்டில், பிள்ளையைச் சூடாக வைத்துக் கவனிக்கும் வார்மர் ஒன்றே ஒன்றுதான் காலி. வாசலிலோ இரண்டு குழந்தைகள். மற்றது கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்ட ஆண் குழந்தை. வேறொரு சுகாதார நிலையத்தில் பிறந்தது. துணைக்கு நர்ஸ் யாரும் வரவில்லை. சித்தப்பா மட்டும் துண்டில் சுற்றித் தூக்கிவந்திருந்தார். “பால் குடிக்க மாட்டேங்கான்” என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

வார்டு நர்ஸ் செல்வராணி இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் ‘ஆம்’. ஒரே டிக், ஒரே சாய்வு. முத்துப்பேச்சியும் பார்த்தாள்.

“ரெண்டும் அழுத பிள்ளைங்க. அப்ப முதல்ல வந்தது உள்ளே. உங்க பிள்ளை பொது வார்டுல இருக்கட்டும் சிஸ்டர், நாளைக்குப் பாப்போம்.”

முத்துப்பேச்சி செல்வராணியின் கையிலிருந்த பேனாவையே வாங்கித் தன் தாளில் ‘ஆம்’ மீது கோடு போட்டாள். ‘அழவில்லை. மூன்று நிமிடம் மூச்சுப்பை அழுத்தினேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். செல்வராணி படித்தாள், பெண் குழந்தையை உள்ளே எடுத்துப் போனாள். சித்தப்பா வாதாடவில்லை. பொது வார்டுக்கு வழி கேட்டுக்கொண்டு நடந்தார்.

அன்று மாலையே அந்த ஆண் குழந்தைக்கு வலிப்பு கண்டது. அதுவும் பிறந்தபோது அழாத பிள்ளைதான் என்று பிறகு தெரியவந்தது. இரண்டும் பிழைத்துக்கொண்டன. பையனுக்கு மட்டும் கைகால் விறைப்பு இன்னும் போகவில்லை.

விசாரணை வைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் யார் என்கிறீர்கள்? அதே மங்கையர்க்கரசி. மூவரும் எதிரே நின்றார்கள்.

“பிரசவ அறையைப் பூட்டிரக் கூடாதேன்னு கையெழுத்துப் போட்டேன் மேடம்” என்றார் லூர்துமேரி.

“தாள்ல இருந்ததை நம்பினேன். ஒவ்வொரு தாளையும் சந்தேகப்பட்டா வார்டை எப்படி நடத்துறது?” என்றாள் செல்வராணி.

“சொன்ன வாக்கை மீறினேன். பிள்ளை மூச்சு விடுது” என்றாள் முத்துப்பேச்சி.

இன்னொருவர் கையெழுத்திட்ட ஆவணத்தைத் திருத்தலாமா என்று கேட்டு, டாக்டர் முத்துப்பேச்சிக்கு மட்டும் மெமோ கொடுத்தார். சீ, அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசினால் நம் வாய்தான் நாறும். அதை விட்டுவிட்டு நீங்கள் சொல்லுங்கள்: நின்ற இந்த மூவரில் யார் செய்தது சரி?

*

முத்துப்பேச்சி என்று உடனே சொல்லியிருப்பீர்கள். அது பாதிதான் சரி. வாக்கை மீறியதில் குற்றமே இல்லை. பிள்ளையின் மூச்சைப் பிடித்துவைத்துக்கொண்டு கறந்த வாக்கு, வாக்கே அல்ல. லூர்துமேரி கதவைத் திறந்துவைக்கப் பொய்யில் கையெழுத்திட்டார். அந்தக் கதவு வழியாக வந்த பிள்ளையை அதே பொய் வெளியே தள்ளப் பார்த்தது. செல்வராணிக்குக் கண்ணும் இருந்தது, கையும் இருந்தது. இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு இரண்டு தாள்களைத் தொட்டுப் பார்த்தாள். ஆனால் அந்த வாசலில், ‘ஆம்’ என்பது யாருமே எழுதாத பொய் என்று தெரிந்தவள் முத்துப்பேச்சி ஒருத்திதான். “இந்த டிக் எல்லாத் தாள்லயும் இருக்கு சிஸ்டர், பிள்ளைகளைப் பாருங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இரண்டையும் ஒரே வார்மரில் நெருக்கிப் போட்டிருப்பார்கள். கூட்டமான நாளில் எந்த வார்டிலும் நடப்பதுதான். அவளோ தன் பிள்ளையின் தாளை மட்டும் திருத்திக்கொண்டாள். மங்கையர்க்கரசி கேட்டதற்கு அவள் பதில் சொல்லத் தேவையில்லை. அந்தச் சித்தப்பா கேட்டால் சொல்லியாக வேண்டும். கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது.