மூன்றாகத் தெரிந்த கோமளம்

அரைக்கேணி ஊரில் புத்தியைப் பங்கு போட்டபோது மாசிலாமணியும் அவன் தம்பிகள் இருவரும் வரிசையில்தான் நின்றார்கள். யாரோ "தள்ளி நில்லுங்க" என்று சொல்ல, சொன்ன சொல்லைத் தட்டாமல் ஊர் எல்லைவரை தள்ளிப் போய் நின்றுவிட்டார்கள். நடுப் பையன் பெயர் ஞானமூர்த்தி, கடைசிப் பையன் அறிவழகன். பெற்றவர்கள் பெயர் வைப்பதில் குறை வைக்கவில்லை.

மாசிலாமணிக்குக் கண்ணில் ஒரு கோளாறு. கெரட்டோகோனஸ் என்று பெயர். கருவிழி உருண்டையாக இல்லாமல் கூம்பு மாதிரி முன்னால் புடைத்துக்கொள்ளும். ஒரு நிலா இருக்கிற இடத்தில் அவனுக்கு மூன்று தெரியும். அவன் அதைக் கோளாறு என்றே நினைத்ததில்லை. அரைக்கேணியில் எல்லாமே கொஞ்சம் தாராளம் என்று நினைத்திருந்தான்.

மாமா தில்லைநாயகத்தோடு பெண் பார்க்கப் போனபோதுதான் வினை வந்தது. கோமளம் காபித் தட்டோடு வந்து நின்றாள். பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள்.

"நடுவுல இருக்கிற பொண்ணைப் பிடிச்சிருக்கு," என்றான் மாசிலாமணி. "ரெண்டு பக்கமும் நிக்கிறவங்களை என் தம்பிங்களுக்கே பேசி முடிச்சிடலாம்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். கோமளம் மட்டும் சிரித்துவிட்டாள். "முதல்ல கண்ணைக் காட்டிட்டு வரட்டும். என்னை ஒருத்தியாப் பார்த்தாருன்னா கட்டிக்கிறேன். அடுத்த மாசம் நாங்க வீடு பார்க்க வர்றோம்," என்றாள்.

முகம் மூன்றாகத் தெரிந்தாலும் அந்தக் குரல் ஒன்றாகத்தான் கேட்டது. அந்தக் குரலுக்காக மாசிலாமணி எந்த ஆஸ்பத்திரிக்கும் போகத் தயாரானான். வீட்டுக்கு வந்து மூன்று பெண்கள் விவரத்தைச் சொன்னான். இடது பக்கம் நின்றவள் ஞானமூர்த்திக்கு, வலது பக்கம் நின்றவள் அறிவழகனுக்கு என்று சண்டையில்லாமல் முடிவாயிற்று. ஒரே வீட்டில் மூன்று கல்யாணம், பந்தல் செலவு மிச்சம்.

டவுன் கண் டாக்டர் பெரிய லென்ஸ் எழுதிக்கொடுத்தார். லென்ஸ் வந்ததும் மூவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைச்சிட்டு, லென்ஸுல இந்த சலைன் உப்புத் தண்ணியை நிரப்பிக் கண்ணுல வைக்கணும். குழாய்த் தண்ணி ஆகவே ஆகாது. ராத்திரி இந்தக் குட்டி ரப்பர் உறிஞ்சானை வச்சுக் கழட்டிடணும். கண்ணைக் கசக்கவே கூடாது. நாலு வேளையும் செயற்கைக் கண்ணீர் விடணும். விட்டதும் ரெண்டு நிமிஷம் கண்ணை மூடியிருங்க."

மூவரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

வீட்டில் பையைக் கொட்டி ஆலோசனை நடந்தது. லென்ஸைப் பற்றி முதலில் பேசியவன் ஞானமூர்த்தி. "புது லென்ஸை நம்ம வீட்டுச் சுவரைப் பார்த்தா தேய்க்கிறது? பொண்ணு முகத்துலதான் முதல்ல விழிக்கணும்," என்றான். லென்ஸ் பெட்டியோடு பீரோவுக்குள் போயிற்று.

அடுத்தது ஒரு சிறிய சொட்டு மருந்துக் குப்பி. அதன் மேல் இருந்த ஆங்கிலத்தை அறிவழகன் எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"டியர்ஸ்னு போட்டிருக்கு."

"டியர்னா அன்பேன்னு அர்த்தம்," என்றான் ஞானமூர்த்தி. "இது அண்ணனுக்கு இல்ல. பொண்ணுக்குக் கொடுக்கச் சொல்லி டாக்டர் வச்சிருக்காரு."

என்ன பண்பான டாக்டர் என்று மாசிலாமணி நெகிழ்ந்துபோனான். குப்பி தாம்பூலத் தட்டில் ஏறியது.

"அப்போ செயற்கைக் கண்ணீர்?" என்று கேட்டான்.

"செயற்கைன்னா பொய். பொய்யா அழணும். அழும்போது கண்ணைக் கசக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"எனக்குத் தனியா அழ வராதேடா."

"நாங்க எதுக்கு இருக்கோம்?"

அன்றிலிருந்து நாலு வேளையும் அண்ணனைப் பாயில் படுக்கவைத்துத் தம்பிகள் அழுதார்கள். வெறுமனே அழுதால் பொய்யாகத் தெரியவில்லை என்று வசனமும் சேர்த்துக்கொண்டார்கள். அழுது முடித்ததும் மாசிலாமணி கண்ணை மூடுவான். மூடிய கண்ணால் கடிகாரம் பார்ப்பது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை. அதனால் யாராவது வந்து சொல்லும்வரை மூடியே கிடப்பான்.

கோமளம் வீட்டார் வருகிற நாளன்று, அண்ணன் கண் சுத்தமாக இருக்கட்டும் என்று தம்பிகள் இரட்டிப்பாக அழுதார்கள். "எங்களை விட்டுட்டுப் போறியே அண்ணே" என்ற அறிவழகனின் குரல் நாலு தெரு தாண்டியது. வார்டு மெம்பர் பரமானந்தம் வாசலில் வந்து நின்றார்.

"என்னப்பா ஆச்சு?"

"அண்ணன் கண்ணை மூடிட்டாருங்க," என்றான் அறிவழகன்.

"அடடா. எப்போ?"

"இப்பதான். காலையிலயும் மூடினாரு. சாயங்காலமும் மூடுவாரு."

துக்கத்தில் பையனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மெம்பர் முடிவுகட்டினார். பிசக அங்கே என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

கண்ணை மூடிப் படுத்திருந்த மாசிலாமணியின் கழுத்தில் மாலை விழுந்தது. பெண் வீட்டார் வந்துவிட்டார்கள் என்று அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. நெற்றியில் யாரோ ஒரு ரூபாயை ஒட்டினார்கள். சந்தனப் பொட்டு இவ்வளவு கனமாகவா இருக்கும் என்று யோசித்தான். வாசலில் கொட்டுச் சத்தம் வேறு. மாமா செலவைப் பார்க்கவில்லை என்று மகிழ்ந்தான்.

பிறகு மெம்பர் பேசினார். "தம்பி மாசிலாமணியைப் போன்ற ஒரு மாணிக்கத்தை இந்த ஊர் இனி காணுமா?" போன வருஷம் தெருவிளக்கு கேட்டுப் போன அதே மாணிக்கத்தை, மூன்று விளக்கு எரியுது என்று நீயே சொன்னாயே எனத் துரத்திவிட்ட வாய் அது. கூடியிருந்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். காபி வருமா என்று சமையல்கட்டையும் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் கோமளம் வந்தாள். கொட்டுமேளத்தையும் கூட்டத்தையும் பார்த்து விக்கித்து நின்றாள். பாயருகே வந்து, "என்னை ஒரு தடவை ஒழுங்காப் பார்த்துட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்று மெல்லச் சொன்னாள். அவள் அழுதது நிஜம்.

அந்தக் குரல்! மாசிலாமணிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"ரெண்டு நிமிஷம் ஆச்சுங்களா?" என்று கேட்டான்.

பாதிப் பேச்சில் ஓடிய மெம்பர் செருப்பைக்கூட எடுக்கவில்லை. கொட்டு அடித்தவர்கள் கொட்டோடு வேலி தாண்டினார்கள். கோமளம் மட்டும் நகரவில்லை. தாம்பூலத் தட்டில் இருந்த குப்பியைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மாசிலாமணி எழுந்து போய் கையைக் கழுவித் துடைத்தான். லென்ஸில் சலைனை நிரப்பிக் கண்ணில் வைத்தான். டாக்டர் சொன்னதில் அவன் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். நிமிர்ந்து பார்த்தான். எதிரே மூக்குத்தி தெளிவாக மின்னியது.

"ஒருத்தியாத் தெரியறேனா?" என்று கேட்டாள் கோமளம்.

"ஒருத்தியாத்தான் தெரியறே," என்றான். "மத்த ரெண்டு பேரும் வரலையா?"

அவள் பதில் சொல்வதற்குள் புது வேட்டி கட்டிய தம்பிகள் முன்னே வந்துவிட்டார்கள். அவர்கள் முகம் வெளிறிப் போயிருந்தது.

"லென்ஸ் வைக்கிறதுக்கு முன்னாடி மூணு பேர் இருந்தாங்கன்னு நீதானே சொன்னே?" என்று ஞானமூர்த்தி கேட்டான்.

"ஆமாடா."

"இப்போ ஒருத்தி. அப்படின்னா எங்க ரெண்டு பேர் பொண்ணும் லென்ஸுக்கு அடியில மாட்டிக்கிட்டாங்க. மூச்சு முட்டிடப் போகுது."

அறிவழகன் அதற்குள் ரப்பர் உறிஞ்சானை எடுத்து வந்துவிட்டான். இந்த முறை அவன் அழுதது செயற்கை இல்லை. தம்பிகளின் வாழ்க்கை ஆயிற்றே என்று மாசிலாமணி பாயில் மறுபடி படுத்து, கண்ணை அகலத் திறந்து வைத்தான். கோமளத்தின் முந்தானையை மட்டும் ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"மெதுவா உறிஞ்சுடா," என்றான். "அவசரத்துல இவளையும் சேர்த்து இழுத்துடாதே."