அட்ஜஸ்ட் என்ற சொல்

ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஆவுடையப்பன், வருங்காலத் தலைமுறைக்காக ஓர் அகராதி எழுதிக்கொண்டிருந்தார். மருமகள் கோதைக்கு வங்கியில் வேலை கிடைத்தபோது, "வீட்டோடு அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று தடுத்துவிட்டார்.

ஒருநாள் நண்பர்கள் முன்னால் அவளை மட்டம்தட்ட நினைத்து, "அட்ஜஸ்ட்டுக்கு நான் மறுக்கமுடியாத பொருள் சொல்லு. சொன்னா வேலைக்குப் போகலாம்" என்றார்.

"மாமனார் சொல்றது, மருமக செய்யறது" என்றாள் கோதை.

"தப்பு. அது எல்லாருக்கும் பொது."

"அப்போ நாளையிலேர்ந்து காலைச் சமையலை நீங்க அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க மாமா. நான் பஸ்ஸைப் பிடிக்கணும்."

நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் முதலில் சொன்ன பொருளை மறுத்தால் சமைக்க வேண்டும், ஒப்புக்கொண்டால் தோற்க வேண்டும். ஆவுடையப்பன் தோல்வியை ஒப்புக்கொண்டு, அந்தச் சொல்லையே அகராதியிலிருந்து அடித்துவிட்டார்.

கோதை வேலைக்குப் போனாள். விடியுமுன் எழுந்து எல்லாருக்கும் சமைத்துவைத்துவிட்டுத்தான் போனாள்.